கடலோரக் கணக்குகள் – 11: பிடியரிசியும் தேர்தல் செலவும்

சென்ற வாரம் மகமையைப் பற்றி எழுதியபோது, கமுதியிலும் அருப்புக்கோட்டையிலும் மூட்டைக்கு இத்தனை காசு என்று வியாபாரிகள் தங்கள்மேல் தாங்களே விதித்துக்கொண்ட சிறு வரி, நாளடைவில் பேட்டையாகவும் பள்ளிக்கூடமாகவும் எழுந்து நின்ற விதத்தைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். அதற்கு உடன்பிறந்த வழக்கம் ஒன்று உண்டு, அது பிடியரிசி. விருதுநகர் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், உலை வைக்கப் போகும் பெண், படியால் அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். அப்படி வீட்டுக்கு வீடு சேர்ந்த அரிசியைக் காசாக்கி நடத்திய க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். அவர் முதன்முதலில் நகரசபைக்கு நிற்க முற்பட்டபோது, வரி கட்டுகிறவனே அபேட்சகராகலாம் என்ற விதி குறுக்கே நிற்க, முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயரில் அதற்கு வரி கட்டி ரசீது வாங்கினார் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. கதை எவ்வளவு வாஸ்தவமோ, ஒரு தேர்தலின் மூலதனம் ஓர் ஆடு என்பதில் எனக்கு ஒரு ருசி இருக்கிறது. அதே தேவர்தான் 1937-இல் காங்கிரஸ் அபேட்சகராக நின்று, இந்தச் சீமையின் ராஜாவையே சட்டசபைத் தேர்தலில் தோற்கடித்தார்.

இன்று ஆடு போதாது. 1951-52 பொதுத் தேர்தலில் லோக்சபை அபேட்சகர் கட்ட வேண்டிய டெபாசிட் 500 ரூபாய், செலவுக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். இப்போது டெபாசிட்டே 25,000 ரூபாய், உச்சவரம்பு 95 லட்சம். ராமநாதபுரம் தொகுதியை நினைத்துப் பாருங்கள்: வடக்கே அறந்தாங்கி, மேற்கே திருச்சுழி, இடையில் பரமக்குடியும் முதுகுளத்தூரும் திருவாடானையும், கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் ராமேசுவரம் தீவு என்று மூன்று மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கிற பூமி அது. பிரசாரம் என்றால் முதலில் டீசல். அப்புறம் மைக் செட், ஆட்டோ, பூத் கமிட்டிக்காரர்களுக்கு டீ, மத்தியானத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். பணக்காரக் கட்சிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டல்ல. இல்லாதவர்கள் துண்டேந்தினார்கள், உண்டியல் குலுக்கினார்கள். இப்போது கைபேசியைக் காட்டி, முகம் தெரியாத பலரிடமிருந்து இணையத்தின் வழியே சிறுகச் சிறுகத் திரட்டுகிறார்கள். நாம் தமிழர் கட்சியார் இதற்குத் திரள்நிதி என்று பெயரிட்டிருக்கிறார்கள், நல்ல சொல்தான்.

அமெரிக்காவில் 2016-இல் ஜனாதிபதி அபேட்சகராகும் போட்டியில் இறங்கிய பெர்னி சாண்டர்ஸ், தமக்கு வரும் நன்கொடை சராசரி 27 டாலர் என்று மேடைதோறும் சொல்லிப் பெருமைப்பட்டார். நம் நாட்டில் 2019-இல் பேகுசராயில் நின்ற கன்னையா குமாருக்கு, அன்றைய உச்சவரம்பாகிய 70 லட்சம் ரூபாயும் இணையத்தின் வழியே முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து சேர்ந்தது. தேர்தலிலோ அவர் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். மணிப்பூரில் 2017-இல் இரோம் சர்மிளாவின் சிறு கட்சிக்கும் இப்படித் தூரத்திலிருந்து காசு வந்தது; அவருக்குக் கிடைத்த வாக்குகள் 90.

பிடியரிசி போட்டவள் அதே தெருவில் இருந்தாள். பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகினால் கேட்க அவளுக்கு வாய் இருந்தது. பெங்களூரில் இருந்துகொண்டு ஐநூறு ரூபாய் அனுப்புகிறவரின் அபிமானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய வாக்கு வேறு தொகுதியில் இருக்கிறது, கால்களும் அங்கேயே இருக்கின்றன. 2024-இல் ஓ. பன்னீர்செல்வம் இங்கே பலாப்பழம் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயருடைய இன்னும் ஐந்து பேர் மனுத்தாக்கல் செய்தார்கள். எந்தப் பன்னீர்செல்வம் என்பதை ஒரு கிழவிக்கு விளங்கவைக்க, அவள் திண்ணையில் உட்கார்ந்து பலாப்பழப் படத்தைக் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமல்லவா? அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். ஏணி சின்னத்தில் நின்ற நவாஸ்கனி வென்றார்.

கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி ஆகிய ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. அப்படிப் போனவர்கள் தேர்தலுக்கு அனுப்பும் காசுக்குச் சட்டம் வினோதமான ஒரு வழி வகுத்திருக்கிறது. அந்நிய நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடமிருந்து அபேட்சகர் ஒரு காசும் வாங்கலாகாது. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு துபாயில் உழைக்கிறவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பலாம். அவர் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும் இடமுண்டு. வாக்களிக்க வேண்டுமானால் மட்டும், பாஸ்போர்ட்டும் கையுமாகத் தாமே நேரில் வந்து நிற்க வேண்டும்.

வந்த பணத்துக்கெல்லாம் கணக்கு வேண்டும். அபேட்சகர் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்கி, மனுத்தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரையிலான வரவு செலவை எழுதி, முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதியிழப்பு வரலாம். டீக்கு இவ்வளவு, நாற்காலி வாடகைக்கு இவ்வளவு என்று அதிகாரிகள் முன்கூட்டியே விலைப்பட்டியல் போட்டுவிடுகிறார்கள்.

கடந்த தேர்தல் சமயத்தில் உச்சிப்புளிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையில் பூத் ஸ்லிப் கட்டு பிதுங்க வந்த இளைஞன் ஒருவன், கைபேசியைப் பார்த்துக்கொண்டே கடைக்காரரிடம், “அண்ணே, துபாய்ல இருந்து உங்க தம்பி போட்டுவிட்ட ஐநூறு வந்துருச்சு. வடக்குத் தெருவுக்கு ஸ்லிப் குடுக்கத்தான் ஆள் இல்ல,” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, கூட வாங்களேன்,” என்றான். நான் டீ இன்னும் சூடாக இருப்பதாகச் சொன்னேன்.