எலும்பைப் படமெடுக்க இத்தனை நேரம் ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாரிநோவால் வருந்திய நம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக இங்குள்ள வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தேன். காலையில் அவரது கைநாளத்தில் ஊசிமருந்து ஏற்றினார்கள். மூன்று மணித்தியாலம் கழித்து ஒடுங்கிய கட்டிலொன்றிற் படுக்கவைத்து, அசையவேண்டாம் என்றார்கள். பத்தாவது நிமிடத்தில் வலி பொறுக்காமல் அவர் புரண்டார். படம் கலங்கிவிட்டது, மீண்டும் முதலிலிருந்து எடுக்க நேர்ந்தது.

"மாஸ்ரர், ஊரிலை ஸ்ரூடியோக்காரன் கண்மூடித் திறக்கமுன்னம் படமெடுப்பான். இவைக்கு இவ்வளவு நேரமோ?" என்றார் பெரியவர். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பெற்றோருக்காக வைத்தியரிடம் பேசும் பொறுப்பு மாணவர்களாகிய உங்களிற் பலருக்கும் வருவதால் அவ்விடையை இங்கு எழுதுகிறேன்.

ஸ்ரூடியோவில் ஒளி வெளியிலிருந்து பாய்கிறது. எலும்புச் சிந்திகிராபியிலோ கதிர் உடலுக்குள்ளிருந்து வரவேண்டும். ஊசியிற் செல்லும் தெக்னீசியம் 99எம் கலந்த மருந்து, எலும்பு தன்னை மும்முரமாகப் புதுப்பிக்கும் இடங்களில், அதாவது முறிவு, அழற்சி, புற்றுநோய் பரவிய பகுதி முதலியவற்றில், மிகுதியாகத் தங்கும். அங்கிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களைக் கமரா ஒவ்வொன்றாக எண்ணுகிறது. தூறல் தொடங்கியவுடன் முற்றத்தில் எங்கு மழை அதிகம் என்று சொல்ல முடியுமா? துளிகள் பல விழுந்தபின்பே தெரியும்.

இதற்கு எளிய கணக்கு உண்டு. 100 கதிர்களை எண்ணினால் ஏறத்தாழ 10 கூடலாம், குறையலாம். ஐயம் நூற்றுக்குப் பத்து. 10,000 எண்ணினால் ஐயம் நூற்றுக்கு ஒன்றே. நேரத்தைப் பாதியாக்கினால் ஐயம் 1.4 மடங்காகும். சிறு கறையொன்று நோயா, தற்செயலா என்று வைத்தியர் தடுமாறுவார்.

ஆயினும் நேரம் குறைந்தே வந்துள்ளது. முன்னர் பயன்பட்ட ஸ்ரொன்சியம் 85இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 65 நாள். நெடுநாள் உடலில் நிற்பதால் சிறிதளவே கொடுக்கலாம், கதிர்களும் சொற்பம். தெக்னீசியம் 99எம்மிற்கு 6 மணித்தியாலமே. ஆனால் அது தானாக எலும்பை நாடாது. 1971இல் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரில் கோபால் சுப்பிரமணியனும் (நம் செவிக்கு அந்நியமான பெயரன்று!) மக்காஃபியும் அதைப் பொஸ்பேற்றுச் சேர்வையுடன் பிணைத்து எலும்புக்கு அனுப்பினர். 1975இல் அவர்கள் குழு அறிமுகப்படுத்திய மெதிலீன் டைபொஸ்பொனேற்று இன்றும் பயன்படுகிறது.

பின்னர் இரட்டைத் தலைக் கமரா வந்தது. 180 சென்ரிமீற்றர் உயரமானவரை நிமிடத்துக்கு 12 சென்ரிமீற்றராக நகர்த்தினால் 15 நிமிடம். ஒற்றைத் தலையாயின் முன்புறம் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை, 30 நிமிடமாகும். இப்போது குறைந்த எண்ணிக்கையிலிருந்தும் தெளிந்த படத்தைக் கணினி அமைக்கிறது. அது சிறு கறையைத் துடைத்துவிடவுங் கூடும் என்பதால், படுக்க இயன்றவருக்கு முழு நேரமே நன்று என்பது என் எண்ணம். வலியால் துடிப்பவருக்கோ, கலங்கிய நீண்ட படத்திலும் அசையாத குறும்படம் மேல்.

ஊசிக்குப் பின்னான காத்திருப்பை மட்டும் அதிகம் குறைக்க முடியாது. எலும்பிற் சேராத மருந்தைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாம் முறை, பெரியவரின் முழங்காலின் கீழ் ஒரு தலையணை வைத்தார்கள். அவர் அசையவேயில்லை. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன், மொழிபெயர்க்கச் சென்ற நான்தான்.