ஊரில் பேரேடு, கடலுக்கு அப்பால் கடை

நூறு ஆண்டுகளுக்கு முன் வலையபட்டி, காரைக்குடி என்று செட்டிநாட்டு ஊர்களில் இருந்த நகரத்தார் முதலாளிகளுக்கு ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடைகள் இருந்தன. முதலாளி ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்தியவர் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளம் பேசிக் கப்பலேறிய மேலாள். இருவருக்கும் நடுவே போய் வந்தவை கடிதமும் கணக்கும்தான்.

இன்றைய இணையச் சேவைகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கின்றன. ஒரு நிரலை, அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதி கன்டெய்னர். ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களைப் பல கணினிகளில் பிரித்து ஓட்டுவதற்காக கூகுள் 2014-இல் வெளியிட்ட மென்பொருள் குபர்நெட்டிஸ். உழைக்கிற கணினி நோடு. மேல்பார்வை பார்ப்பது கன்ட்ரோல் பிளேன்.

பெயரைக் கேட்டால் அதட்டி வேலை வாங்கும் அதிகாரி போலிருக்கும். ஆனால் அதன் உயிர் ஒரு பேரேட்டில்தான் இருக்கிறது. அதற்கு எட்சிடி என்று பெயர். 'இந்த நிரல் மூன்று பிரதிகள் ஓட வேண்டும்' என்று நாம் சொன்னால் அது அங்கே பதிவாகும். பேரேட்டைத் தொடும் உரிமை ஏபிஐ சர்வருக்கு மட்டுமே. மற்றவர்கள் அதன் வழியாகத்தான் படிக்கலாம், எழுதலாம். கன்ட்ரோலர் கணக்குப் பார்க்கும்: கேட்டது மூன்று, இருப்பது இரண்டு என்றால் இன்னொன்றுக்குப் பதிவு போடும். இடம் காலியாக உள்ள நோடைத் தேர்ந்து அதன் பெயரை எழுதுவதோடு ஷெட்யூலரின் வேலை முடிந்தது. தன் பெயரைப் பார்த்ததும் அந்த நோடிலுள்ள கியூப்லெட் கன்டெய்னரை ஓடவிடும். யாரும் யாரையும் ஏவுவதில்லை. எல்லோர் கண்ணும் பதிவின் மேல். இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

கப்பல் தபால் நின்றாலும் ரங்கூன் கடை திறந்திருக்கும் அல்லவா? கன்ட்ரோல் பிளேன் படுத்துவிட்டாலும் ஓடுகிற கன்டெய்னர்கள் ஓடும். நின்றுபோன ஒன்றை அந்த நோடிலேயே கியூப்லெட் மறுபடி எழுப்பும். ஆனால் புதிதாக எதையும் தொடங்க முடியாது. ஒரு நோடே செத்துப்போனால் அதன் வேலையை வேறிடத்துக்கு மாற்ற ஆளில்லை.

பேரேடு தொலைந்தால்தான் பெரும் நஷ்டம். அதனால் அதை 3 அல்லது 5 கணினிகளில் வைப்பார்கள். பாதிக்கு மேற்பட்டவை ஒப்புக்கொண்டால்தான் ஒரு பதிவு செல்லும். மூன்றில் ஒன்று கெட்டாலும் மீதி இரண்டு போதும். நான்காக்கினால் மூன்றின் ஒப்புதல் வேண்டும். அப்போதும் ஒன்றின் இழப்பைத்தான் தாங்கும். நான்காவது கணினிக்குச் செலவழித்த பணம் வீண்.