புல்லட் நிலைத்த காரணம்

புல்லட் மோகத்துக்கு அதன் 'டப் டப்' சத்தமும் மிடுக்கும்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்தது. திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து புல்லட்டுகள் வெளிவந்தன. 1970-களின் தொடக்கத்தில் தாய் நிறுவனமே மூடப்பட்ட பிறகும் சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. வெறும் சத்தம் ஒரு வண்டியை இத்தனை காலம் காப்பாற்றியிருக்காது. பழைய 350 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. இந்த நீண்ட ஓட்டமும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்து, குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை தந்தன. கியர்பாக்ஸ் தனிப் பெட்டி என்பதால், ஒன்றைப் பிரிக்க மற்றொன்றைத் தொட வேண்டியதில்லை. சாலையோர மெக்கானிக்கும் துணிந்து கைவைக்கலாம்.

எண்ணெய் கசியும், கை அதிரும், ஸ்டார்ட் செய்வதே பெரும்பாடு என்ற குறைகள் நியாயமானவை. அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரை இழுத்து, பிஸ்டனை அதன் உச்சநிலையைச் சற்றே தாண்டவிட்டு, அதன் பிறகே ஓங்கி உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். ஆனால் இந்தச் சிரமமே ஓட்டுபவருக்கு இன்ஜினின் உள்வேலையைக் கற்றுக்கொடுத்தது. மாசு விதிகள் இறுகியபோது, 2010 வாக்கில் அந்த இரும்பு சிலிண்டர் இன்ஜின் விடைபெற்றது. அது தேவையான மாற்றம்தான். என்றாலும், உரிமையாளரே திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளும் எளிமையைப் புதிய வண்டிகளிலும் கேட்க நமக்கு உரிமை உண்டு.