நாட்டு மருந்து வாங்கும்போது...

"நாட்டு மருந்துதானே டாக்டர், என்ன கெடுதல் வந்துடப் போகுது?" பேரையூர்ப் பக்கம் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். பழசாகிப்போன சூரணமும் கலப்படச் சரக்கும் நிச்சயம் கெடுதல் செய்யும்.

சித்த மருந்து தயாரிக்க அரசு உரிமம் வேண்டும். தயாரிக்கும் இடத்தின் சுத்தம், சரக்குச் சோதனை பற்றி ஷெட்யூல் 'டி' விதிகள் 2000-ல் வந்தன. ஆனால், இங்கிலீஷ் மருந்துக் கடைக்கு இருப்பதுபோல விற்பனைக்கென்று தனி உரிமம் கிடையாது. ஆகவே, கல்லாவுக்கு முன்னால் நிற்கிற நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்!

திரிகடுகு சூரணம் வாங்குகிறீர்களா? பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தேதி இருக்கிறதா பாருங்கள். சூரணத்துக்கு எங்கள் நூல்கள் சொல்லும் ஆயுள் 3 மாதம். குடிநீருக்கு 3 மணி நேரம்தான். காலையில் காய்ச்சிய நிலவேம்புக் குடிநீரை ஃபிரிட்ஜில் வைத்து ராத்திரி குடிக்கிற வீடுகளும் இருக்கின்றன, என்னத்தைச் சொல்ல!

சுக்கு, மிளகு, திப்பிலியை முழுசாக வாங்கி வீட்டிலேயே இடிப்பது இன்னும் நல்லது. மிளகைத் தண்ணீரில் போட்டால், கலந்திருக்கும் பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும், அதுவும் வேண்டாம்.

சேராங்கொட்டை விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் பால் பட்டாலே தோல் கொப்பளித்துவிடும். சுத்தி செய்வது வைத்தியர் வேலை. பாதரசம் சேர்ந்த செந்தூரங்களும் அப்படியே. சீட்டு இல்லாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.