கட்டு அவிழ்ந்த கட்டுமரம்

விழுப்புரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரயில் ஜங்ஷன்தான். அந்த மாவட்டத்துக்குக் கடற்கரையும் உண்டு என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று தோன்றாது. திண்டிவனத்தில் இறங்கிக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மரக்காணம். உப்பளங்களைத் தாண்டினால் வங்கக் கடல். அங்கிருந்து தெற்கே புதுச்சேரி எல்லை வரை எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு, பொம்மையார்பாளையம் என்று மீனவர் ஊர்கள் வரிசையாக வருகின்றன. இந்தக் கரையிலும் இதன் வடக்கிலும் தெற்கிலும் தலைமுறை தலைமுறையாக ஓடிய கலம் ஒன்று ஆங்கிலத்துக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறது. நாம் கட்டுமரம் என்கிறோம். ஆங்கிலத்தில் அது கேட்டமரான்.

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு மூன்று பொருள்கள். கயிற்றால் பிணைத்த மரங்களாலான மிதவை என்பது முதலாவது. இரண்டு உடல்களை அருகருகே வைத்து மேலே தளம் போட்ட படகு என்பது இரண்டாவது. இன்று பரவலாகப் புழங்குவது இதுதான். மூன்றாவது பொருள் சண்டைக்காரி. ஒரு மீன்பிடிக் கலத்தின் பெயர் இத்தனை தூரம் போனது எப்படி என்று பார்க்குமுன், அந்தக் கலத்தையே கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம்.

மூழ்கத் தெரியாத கலம்

மீனவர்கள் இதை முழுப் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. 'மரம்' என்றாலே போதும். மரம் கட்டுவது, மரம் தள்ளுவது, மரத்தில் போவது என்றுதான் பேச்சு. எடை குறைந்த மரங்களாகப் பார்த்து வாங்கி, பட்டை சீவி, முனையை மேல்நோக்கி வளையும்படி செதுக்குவார்கள். ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப மூன்று முதல் ஏழு மரம் வரை சேரும். நடு மரங்கள் சற்றுத் தாழ்ந்தும் பக்க மரங்கள் சற்று உயர்ந்தும் இருப்பதால் மேல்பக்கம் ஆழமில்லாத தொட்டிபோல் அமையும். முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டால் கலம் தயார். ஆணி கிடையாது.

ஓட்டை விழுந்தால் மூழ்கும் என்பது படகுக்கான விதி. கட்டுமரத்துக்கு உடம்பெல்லாம் ஓட்டை. மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியில் தண்ணீர் ஏறும், அதே வழியில் இறங்கும். படகு மிதப்பது தன் வயிற்றுக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்றால். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் படகு போயிற்று. கட்டுமரத்துக்கு வயிறே இல்லை. மரம் தண்ணீரைவிட இலேசானது என்ற ஒரே பலத்தில் அது மிதக்கிறது. அதனால் நீர் இறைக்கும் வேலை இல்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

இயற்கைத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரைக்கு இந்த அமைப்பு கச்சிதமாகப் பொருந்தியது. இங்கே கடல் நேராக மணலில் வந்து உடைகிறது. கரையேறும் எந்தக் கலமும் அந்த உடைப்பலையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆணியடித்து இறுக்கிய பலகை ஒவ்வொரு மோதலையும் ஒரே இடத்தில் வாங்கும், இணைப்பு விட்டுப்போகும். கயிற்றுக் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்துகொடுக்கும். ஒவ்வொரு மரமும் சற்றே அசைந்து அடியைப் பகிர்ந்துகொள்ளும். சென்னையில் செயற்கைத் துறைமுகம் வருவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே பயணிகளை ஏற்றி இறக்கியவை மசூலா படகுகள். அவையும் போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர்களே கடிதங்களைக் கொண்டுபோனார்கள். கடிதம் நனையாமலிருக்க அதைத் தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு குறை உண்டு. மரம் தண்ணீர் குடிக்கும். ஊறினால் கனக்கும், வேகம் குறையும். ஆகவே கரை வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போட வேண்டும். மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழுக்களும் வெயிலில் செத்துப்போகும். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டு. அவிழ்த்துக் கட்ட முடிவதுதான் இந்தக் கலத்தின் ஆயுள் ரகசியம்.

கடல் கொண்டுவந்த மரங்கள்

இந்தக் கரைக்கும் மரத்துக்குமான உறவு பழையது. சங்க இலக்கியத்தின் சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுகிறது. அவனுடைய ஊரான 'கிடங்கில்' இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. நூலில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் முடிவு. அலை கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் அங்கே தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்ததாகவும், மீனவர் வீடுகளில் அவற்றால் அடுப்பெரிந்ததாகவும் நூலை இயற்றிய நத்தத்தனார் பாடியிருக்கிறார்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' இந்தக் கரையின் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்றைச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினம், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு, மரக்காணம் என்று இவற்றைப் பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். முழு மரங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த 'சங்காரா' என்ற கலங்கள் இங்கே இருந்ததாகவும் அந்நூல் குறிப்பிடுகிறது. அவை மிகப் பெரியவை என்கிறது. ஆகவே அவற்றை இன்றைய கட்டுமரம் என்று சொல்லிவிட முடியாது. மரத்தோடு மரம் பிணைத்துக் கடலில் விடும் வித்தை இங்கே ஈராயிரம் ஆண்டுப் பழமையானது என்பது மட்டும் உறுதி.

கப்பலேறிய சொல்

1583இல் சாந்தோமுக்கு வந்த வெனிஸ் வணிகர் காஸ்பரோ பால்பி இந்தக் கலத்தைப் பார்த்து எண்ணி எழுதிவைத்தார். மொத்தம் ஏழு மரம். ஐந்து அடித்தளம். நடுவில் நீண்டிருக்கும் ஒன்று நீரைக் கிழிக்கும். பின்னால் ஒன்று தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அதன்மேல் ஓர் ஆள் உட்காருவான். பெயரை 'கத்தமெரோனி' என்று இத்தாலிய வாயால் சொன்னார். 1673இல் கோரமண்டல் கரைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் ஃப்ரையர் ஆங்கிலத்தில் எழுதினார். 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூல் சொல்லை ஊரெங்கும் பரப்பியது. ஓர் ஆளை மட்டும் தாங்கும் கலம், அந்த ஆளின் இடுப்புக்குக் கீழே எப்போதும் தண்ணீருக்குள் என்று டாம்பியர் வர்ணித்தார்.

அதன்பின் பொருள் மாறத் தொடங்கியது. 1804இல் நெப்போலியனின் படகுகள் கூடியிருந்த பூலோன் துறைமுகத்தை எரிக்க, அமெரிக்கர் ராபர்ட் ஃபுல்டன் வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளைப் பிரிட்டிஷ் கடற்படைக்குச் செய்துகொடுத்தார். கடிகாரப் பொறியால் வெடிக்கும் அவற்றுக்கும் கேட்டமரான் என்றே பெயர். சேதம் அதிகமில்லை. சண்டைக்காரி என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைகளில் தலைகாட்டுகிறது. பெயரின் முதல் அசை பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப்போல் ஒலிப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

பெயர் நம்முடையது, வடிவம் அவர்களுடையது

இரட்டை உடல் படகே தமிழர் கண்டுபிடிப்பு என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்த வடிவம் பசிபிக் தீவுகளின் பாலினீசியர்களுடையது. இரண்டு நீண்ட தோணிகளைக் குறுக்குக் கட்டைகளால் சேர்த்து ஹவாய் வரை குடியேறியவர்கள் அவர்கள். அவர்களும் பிணைத்தது தேங்காய் நார்க் கயிற்றால்தான். கட்டிச் சேர்த்த கலம் எதுவானாலும் ஐரோப்பிய மாலுமிகள் அதற்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

1876இல் நியூயார்க்கில் நடந்த பாய்மரப் போட்டியில் நதானியேல் ஹெரெஷாஃப் என்பவரின் 'அமரில்லிஸ்' எல்லாப் படகுகளையும் பின்னுக்குத் தள்ளியது. இரட்டை உடல் படகு. தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள், அது மற்றப் படகுகளோடு போட்டியிடத் தடை வந்தது. மறு ஆண்டே ஹெரெஷாஃப் தன் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இரண்டு உடல்களையும் விறைப்பாக இணைக்காமல், அலைக்கு ஏற்ப ஒவ்வொன்றும் தனியே ஆடும்படி அசையும் மூட்டுகளால் இணைத்திருந்தார். உடைப்பலைக்கு நம் மீனவர்கள் கயிற்றில் கண்ட தீர்வை அவர் உலோகத்தில் கண்டார்.

இரட்டை உடல் படகின் வேகத்துக்கு என்ன காரணம்? ஒற்றை உடல் படகு சாயாமலிருக்க அகலம் வேண்டும், அல்லது அடியில் கனம் வேண்டும். இரண்டுமே வேகத்துக்கு எதிரி. குறுகிய உடல்கள் இரண்டை விலக்கி வைத்தால், அந்த இடைவெளியே சாயாமல் பார்த்துக்கொள்ளும். உடல் ஒல்லியாக இருப்பதால் எழுப்பும் அலை குறைவு. அலை எழுப்புவதில் வீணாகும் விசையும் குறைவு. ஆழமில்லாத நீரிலும் ஓடும்; மேலே அகலமான தளம் கிடைக்கும். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்படகுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் பாய்மர வகை ஒருமுறை தலைகீழானால் தானாக நிமிராது.

1940களில் மூன்று உடல் படகுக்குப் பெயர் தேவைப்பட்டபோது ஆங்கிலத்தில் 'டிரைமரான்' என்றார்கள். கட்டு போய்விட்டது, மரம் மட்டும் நின்றது. கண்ணாடி இழையாலும் அலுமினியத்தாலும் செய்யும் அந்தப் படகுகளில் பெரும்பாலும் மரமும் கிடையாது.

கரையில் இன்று

நம் கரையிலும் மரம் அருகிவிட்டது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. இஞ்சின் பூட்டிய ஃபைபர் தொலைவு போகும், அதிக வலை ஏற்றும்; அதை வேண்டாமென்று சொல்ல மீனவருக்குக் காரணம் எதுவுமில்லை. ஆனால் எந்த மரம் எத்தனை நாள் ஊறும், எந்த முடிச்சு நனைந்தால் இறுகும், எந்தக் காற்றுக்கு எத்தனை மரம் கட்ட வேண்டும் என்ற கணக்கு, கட்டிப் பழகிய முதியவர்களிடம்தான் இருக்கிறது. ஆங்கில அகராதிக்குப் போனது ஒரு சொல். இந்தத் தொழிலின் மற்றச் சொற்களைத் தமிழ் அகராதியில் ஏற்றும் வேலை நம்முடையது. அந்த முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.