சிவப்புச் சில்லையும் சாம்பல் குளமும்

சென்னைப் பட்டணத்துக்கு வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி எண்ணூர் செல்கிறவர்களுக்குப் பட்சிகளின் நினைவு வருவது கடினந்தான். 1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்திலிருந்தே கண்டெய்னர் லாரிகளும் புகைபோக்கிகளும் நமக்கு வழித்துணையாகி விடுகின்றன. திருவொற்றியூர், பட்டினத்தடிகள் அடங்கிய தலம். எல்லாவற்றையும் துறந்த அந்த மகான் இன்று இவ்வழியே வந்தால் லாரிப் புகையை எவ்விதம் துறப்பார் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆனால் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வேறோர் உலகம் இருக்கிறது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம். அதைச் சுற்றிச் சேற்று நிலமும், உப்பளமும், அலையாத்திச் செடிகளும், உப்புக் குறைந்த ஓரங்களில் கோரையும் நாணலும். இத்தகைய புல்வெளியை நம்பி வாழும் சிறு குருவி ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் போகிறோம்.

சிவப்புச் சில்லை என்பது அதன் பெயர். அலகு முனையிலிருந்து வால் நுனி வரை அளந்தால் நான்கு அங்குலந்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் குருவி, தலையும் மார்பும் குங்குமச் சிவப்பாகி, அதன் மேல் யாரோ பொறுமையாக அரிசி மணிகளை ஒட்டி வைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் விளங்கக் காட்சி தரும். அக்காலம் கழிந்ததும் அந்தப் பட்டாடையைக் களைந்துவிட்டுப் பெண் குருவியைப் போலவே பழுப்பு உடை தரித்துக்கொள்ளும். சில்லைக் குடும்பத்தில் இப்படிப் பருவத்துக்குப் பருவம் உடை மாற்றும் இனங்கள் மிகச் சிலவே. புல்விதையே அதன் பிரதான உணவு. நீரோரப் புற்களிடையே, தரைக்குச் சற்று மேலே, புல்லையே உருண்டையாகப் பின்னிக் கூடு கட்டுகிறது. புல் போனால் அதற்குச் சாப்பாடும் இல்லை, வீடும் இல்லை.

இதன் அழகே இதற்கு வினையாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் ஆமதாபாத் நகரத்தின் பெயர் திரிந்து உண்டானது; அங்கிருந்துதான் இக்குருவிகள் கூண்டுகளில் மேல்நாடுகளுக்குக் கப்பலேறின. 1673-ல் நம் நாட்டுக்கு வந்த ஜான் பிரையர் என்ற ஆங்கில வைத்தியர், ஒரே கூண்டில் ஐம்பது குருவிகள் சேர்ந்து பாடியதை வியந்து எழுதியிருக்கிறார். கூண்டிலிருப்பது சங்கீதக் கச்சேரி அல்ல, சிறைச்சாலை என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்! வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் பிறந்தது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1991-ல் அச்சட்டம் திருத்தப்பட்ட பிறகு குற்றமாயிற்று.

கூண்டில் அடைக்காமல் இக்குருவியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரே வழி போட்டோப் படம். அதற்குக் காமிராவை விடப் பொறுமையே அதிகம் வேண்டும். நம் கிழக்குக் கரையில் விடியற்காலையில் கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் சூரியன் நம் தோளுக்குப் பின்னிருந்து குருவியின் மேல் விழுவான். ஒரு மணி நேரத்திற்குப் பிறகு வெயில் கடுமையாகி, சிவப்பு நிறம் படத்தில் வெறும் தீட்டுப் போல் பதிந்து, இறகின் நுட்பங்கள் மறைந்துவிடும். குருவியைத் துரத்தக் கூடாது. விதை முற்றிய புல்லருகே அசையாதிருந்தால், கூட்டம் தானே வந்து இறங்கும். குருவியின் பாரத்தில் தாள் வளையும் அந்தக் கணமே படத்துக்கு உரிய கணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் தெளிவாக வரவேண்டுமென்று கூட்டைச் சுற்றியுள்ள புல்லை ஒதுக்குவதும் வெட்டுவதும் பாதகமான காரியம். மறைப்பு நீங்கிய கூட்டைக் காக்கை முதலில் கண்டுகொள்ளும். கூட்டின் பக்கமே போகாதிருப்பது உத்தமம். நம் பட்டணத்தில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912-1996) பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். ஆயினும் அவற்றில் பிராணி தன் இடத்தோடு நிற்கும். பின்னாலிருக்கும் புல்லும் மரமும் பிராணியின் வாழ்க்கையைச் சொல்லும். குருவியை மட்டும் பெரிதாக்கி, இடத்தை மங்கலாக்கிவிடும் இக்காலத்துப் படங்கள் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அக்குருவி எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை.

அந்த இடத்தின் கதை இனிமையானதல்ல. 1806-ல் பட்டணத்திலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாய் பிற்பாடு நீண்டு, தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அதன் வழியே படகு போன காலம் மலையேறிவிட்டது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையமும் (2017-ல் மூடப்பட்டது), 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய்கள் மூலம் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வடசென்னை நிலையத்தின் ஏற்பாடு. குழாய்கள் கசிந்தன, சாம்பல் ஆற்றில் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்து ஜீவனம் செய்த குடும்பங்கள் முழங்கால் அளவு சாம்பல் சேற்றில் இறங்க நேர்ந்தது. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அச்சாம்பலை அகற்றி நிலத்தைச் சீர்ப்படுத்த வேண்டுமென்று உத்தரவிட்டது.

மறு வருஷம் டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாயில் இறங்கிக் கழிமுகம் முழுவதும் பரவிற்று. உடலெல்லாம் கரிய எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. செம்படவர் சமூகம் வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததைக் கேளாத பட்டணத்துக் காதுகள், அந்தப் பறவைப் படங்களைக் கண்ட பிறகே திறந்தன என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

இத்தனைக்கும் மூலம் ஒரு சொல்லில் இருக்கிறது: புறம்போக்கு. வரிக் கணக்குக்குப் புறம்பான நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சலுக்கும் மீன்பிடிக்கும் வெள்ளம் தங்குவதற்கும் ஊரார் பொதுவில் வைத்திருந்த நிலம் அது. கும்பினி கலெக்டர்களோ, வரி வராத நிலம் வீண் நிலம் என்று எண்ணினார்கள். அந்தக் கலெக்டர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய எண்ணம் மட்டும் நம் ஆபீஸ்களில் பென்ஷன் வாங்காமல் வேலை பார்த்து வருகிறது. சுதந்தர இந்தியா வெளியிட்ட தரிசு நில வரைபட நூலிலும் புதர்வெளிகளும் மேய்ச்சல் வெளிகளும் தரிசு என்றே ஏறியிருக்கின்றன. தரிசு என்று எழுதிய நிலத்தில் ஆலை கட்ட யார் ஆட்சேபிப்பார்? புல்வெளிகளின் அரசனான கானமயில் இவ்விதமே தமிழ்நாட்டிலிருந்து அடியோடு மறைந்தது. நாடு முழுவதிலும் இருநூறுக்கும் குறைவாகவே இன்று மிஞ்சியிருக்கிறது.

தெற்கே பள்ளிக்கரணையும் ஒரு காலத்தில் வெறும் குப்பை மேடாகத்தான் கருதப்பட்டது. பறவை நோக்குவோர் ஆண்டுதோறும் எழுதிவைத்த ஜாபிதாக்களும் எடுத்த படங்களும் அங்கு என்ன இருக்கிறதென்பதைக் காட்டின. 2007-ல் அதன் ஒரு பகுதி காப்புக் காடாயிற்று. 2022-ல் ராம்சார் ஒப்பந்தத்தின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாயிற்று. ராம்சார் ஜாபிதாவில் பள்ளிக்கரணை ஏறிய வருஷத்தில் எண்ணூருக்குக் கிடைத்ததோ சாம்பலை அள்ளச் சொல்லும் உத்தரவு.

குடும்பத்தோடு செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நின்று, கண்ட பறவைகளை எண்ணி, தேதியும் இடமும் நேரமும் குறித்துச் சேர்ப்பித்தால் போதும். கழிமுகத்து ஓரமாகப் போகிறவர்கள் கோரைப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கட்டும். தைமாதத்தில் ஆண் சில்லையின் சிவப்பு மங்கத் தொடங்கியிருக்கலாம். அதனால் பழுப்புக் குருவி என்று விட்டுவிட வேண்டாம். வளர்ந்த குருவியின் அலகில் சிவப்புத் தெரிகிறதா என்றும் கவனிக்கலாம்.