பால்வாடிக்குள் அப்பாக்கள்

காலை ஒன்பதரை மணி வாக்கில், அனந்தபுரம் பேரூராட்சி ஆனாலும் சரி, செஞ்சி வட்டாரத்தின் மற்ற ஊர்கள் ஆனாலும் சரி, பால்வாடி வாசலில் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நிற்கும். முன்பக்கம் நின்றுவரும் குழந்தையை ஒரு கையால் தூக்கி இறக்கி, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிவிட்டு, வண்டியை அணைக்காமலே அப்பா கிளம்பிவிடுவார். உள்ளே குழந்தை யார் பக்கத்தில் உட்காருகிறது, மதியம் முட்டையைச் சாப்பிடுகிறதா ஒதுக்குகிறதா என்பதெல்லாம் டீச்சருக்கும் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் இடையிலான சமாச்சாரம். இதற்கு அப்பாக்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. மழலையர் பள்ளி என்ற ஏற்பாடே தாயை எதிரில் வைத்துக்கொண்டு உருவானது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் 1840-இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் வெளியிட்ட பாட்டுப் புத்தகம் தாய்மார்களுக்கென்றே எழுதப்பட்டது. நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும் (அங்கன்வாடித் திட்டம்) தாயையும் சேயையும் கணக்கில் கொண்டது. பணியாளரும் பெண், உதவியாளரும் பெண். அப்பாவுக்கென்று அந்தக் கட்டடத்துக்குள் ஒரு வேலையும் யாரும் ஒதுக்கவில்லை.

அண்மைக் காலமாகத் தனியார் நர்சரிப் பள்ளிகள் 'தந்தையர் தினம்' கொண்டாடத் தொடங்கியிருக்கின்றன. வாசலோடு நின்றவரை உள்ளே அழைப்பது நல்ல காரியம்தான். ஆனால் உள்ளே வந்தவரை என்ன செய்கிறார்கள்? பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்காரவைக்கிறார்கள். மேடையில் குழந்தைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். டீச்சர் ராத்திரி கண்விழித்து வெட்டி ஒட்டிய வாழ்த்து அட்டையைக் குழந்தை கொண்டுவந்து நீட்டுகிறது. செல்ஃபி, கேக், கைதட்டல், அவ்வளவுதான். வாசலில் பார்வையாளராக நின்றவர் இப்போது பந்தலுக்குள் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். அப்பாவைப் பாராட்டும் விழாவாகத் திட்டமிட்டால் இப்படித்தான் முடியும். அவரைக் குழந்தைகளோடு தரையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் வேலை வாங்கும் நாளாகத் திட்டமிட்டால் அதற்கு அர்த்தம் உண்டு. தேதி, அழைப்பு, சாப்பாடு, போட்டோ என எல்லா முடிவுகளும் இந்த ஒன்றைப் பொறுத்தே அமைய வேண்டும்.

வேலை வாங்குவதில் ஏன் இத்தனை குறி என்று கேட்கலாம். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒரு விவரத்தைச் சொல்கிறது. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம் பேர்தான். ஈடுபடுகிற பெண் நாளொன்றுக்கு 140 நிமிடமும் ஆண் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். பொதுவாக இந்த 140-74 இடைவெளியைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முதல் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. இறங்கிவிட்ட ஆண் தினமும் ஒன்றேகால் மணி நேரம் வேலை செய்கிறார். அது அற்பமான நேரம் அல்ல. ஐந்தில் நான்கு பேர் இறங்கவே இல்லை என்பதுதான் சங்கடம். முதல் அடி எடுத்துவைக்கத் தெரியாமல், வெட்கத்தோடு நிற்கிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008-இல் 24 நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 22 ஆய்வுகள் தந்தையின் ஈடுபாட்டால் குழந்தைக்கு நன்மை விளைவதாகச் சொல்லியிருந்தன. எந்த மாதிரியான ஈடுபாடு என்று துல்லியமாக வரையறுக்க அந்த ஆய்வாளர்களால் முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஈடுபாடு என்பது வருடத்தில் ஒருநாள் கேக் வெட்டுவது ஆகாது என்று சொல்ல ஆய்வு தேவையில்லை.

முதலில் தேதி. ஜூன் மாத மூன்றாவது ஞாயிறுதான் உலகம் முழுக்கத் தந்தையர் தினம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் முதல் ஞாயிறு, ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மார்ச் 19, தாய்லாந்தில் டிசம்பர் 5. ஜூன் நமக்குச் சுத்தமாக ஒத்துவராத மாதம். அப்போதுதான் பள்ளி திறந்திருக்கும். எல்கேஜியில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இன்னும் அழுதுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அப்பாவைக் கொண்டுவந்து உட்காரவைத்துப் பிறகு அனுப்பினால், ஓய்ந்துவந்த அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இன்னொன்று, விழுப்புரம் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் சென்னை, பெங்களூரு, புதுச்சேரி என்று கட்டட வேலைக்குப் போய் இடையிடையே ஊர் திரும்பும் அப்பாக்கள் நிறைய. வேலைநாளில் விழா வைத்தால் ஒருநாள் கூலி போகும். வராதவர்களின் பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே அவர்கள் ஊரில் இருக்கும் நாளைத் தேட வேண்டும். என் தேர்வு அக்டோபர் 2. நாடு முழுக்க விடுமுறை, எந்த மதத்தின் பண்டிகையும் அல்ல, சில ஆண்டுகளில் ஆயுத பூஜையை ஒட்டியும் வரும் (2025-இல் விஜயதசமியே அன்றுதான்), அங்கன்வாடித் திட்டத்தின் பிறந்தநாளும் அதுவே. டாஸ்மாக் கடைக்கும் அன்று விடுமுறை என்பதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு ஆண்களைக் கூட்டமாக அழைப்பவர்கள் இதையும் யோசித்தாக வேண்டும். நேரமும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை போதும், மாலை வேண்டாம்.

வந்தவர்கள் என்ன செய்வது? அவரவர் கைத்தொழிலையே கொண்டுவரச் சொல்லலாம். கொத்தனார் அப்பா ரசமட்டத்தைக் கொண்டுவரட்டும். அதைத் தரையில் வைத்தால் கண்ணாடிக்குள் இருக்கும் குமிழ் நடுவில் நிற்கும். சாய்ந்த பலகையில் வைத்தால் ஒரு பக்கம் ஓடும். ஒரு குழந்தையின் தலையில் வைத்தால் வகுப்பே எழுந்து வந்து பார்க்கும். தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடி ஆடி எப்போது நிற்கும் என்று எண்ணவைக்கலாம். நெல் வியாபாரம் செய்பவர் படியையும் ஆழாக்கையும் எடுத்து வந்தால் அளவு என்பது என்ன என்று நான்கு வயதுக்குப் புரியும். எந்தத் தொழிலும் கைவசம் இல்லை என்று தயங்குபவருக்கு இந்த மாவட்டத்தில் பனைமரம் இருக்கிறது. பச்சை ஓலையை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஈர்க்கை உருவி, இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் வேலமுள்ளைக் குத்திச் சோளத்தட்டையின் நுனியில் செருகினால் காத்தாடி தயார். முள்ளைப் பெரியவர் குத்த வேண்டும், ஓடுவது குழந்தையின் வேலை. செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. கடைசியில் சுண்டலை அப்பாக்களே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து, கைகழுவிவிட்டு, தட்டையும் கழுவி அடுக்கிவிட்டுப் போகட்டும். டீச்சரும் ஆயாவும் அன்று ஒருநாள் உட்கார்ந்து பார்க்கலாம். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து அங்கே கூட்டிப்போகலாமே என்று யாராவது சொல்வார்கள். கல்யாண மகாலும் களஞ்சியமும் உள்ள அடிவாரப் புல்தரை வரைக்கும் யுகேஜி பிள்ளைகளுக்குச் சரி. ராஜகிரி ஏற்றம் அந்த வயதுக்கு ஆகாது. முதல் வருடத்துக்கு வகுப்பறையே போதும்.

இந்த விழாவின் மேல் உள்ள மிகக் கனமான ஆட்சேபம், அப்பா இல்லாத குழந்தையைப் பற்றியது. இறந்துபோனவர், விட்டுப் போனவர், துபாயிலோ பெங்களூரிலோ இருப்பவர், வீட்டில் இருந்தும் வரக் கூடாத நிலையில் இருப்பவர் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருக்கத்தான் செய்வார்கள். ஒரு குழந்தைக்கு வலிக்கும் என்றால் விழாவே வேண்டாம் என்பது நியாயமான வாதம். ஜப்பானில் ஜூன் மாத ஞாயிறுகளில் அப்பாக்கள் மழலையர் பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்க்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இந்தக் காரணத்தாலேயே பல பள்ளிகள் அதைக் குடும்பத்தார் வரும் நாளாக மாற்றிவிட்டன. நம் ஊரில் அப்படி மாற்றினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே: மறுபடி அம்மாக்கள்தான் வருவார்கள், அப்பா வண்டியை அணைக்காமல் போய்விடுவார். பெயரை மாற்றுவதைவிட உட்காரும் விதத்தை மாற்றுவது மேல். தன் பிள்ளையோடு தான் என்று ஜோடி சேர்க்கக் கூடாது. நான்கு குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள் என்று வட்டமாக உட்காரவைத்தால் யாருடைய அப்பா வந்திருக்கிறார், யாருடையவர் வரவில்லை என்பது கண்ணில் படாது. மேடையும் வேண்டாம், 'என் அப்பா' பாட்டும் வேண்டாம். காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமையை நாம் தாய்மாமனுக்குத்தானே கொடுத்திருக்கிறோம்? மாமாவும் தாத்தாவும் அண்ணனும் வரலாம் என்பதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். எந்தக் குழந்தைக்கு யார் வருகிறார் என்பதை ஒரு வாரம் முன்பே அம்மாவிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது டீச்சரின் பொறுப்பு. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் குடும்பமென்றால் இது இன்னும் அவசியம்.

தினமும் வளர்ப்பவள் அம்மா, வருடத்தில் ஒருநாள் வந்தவருக்கு விழாவா என்று பெண்கள் கேட்பதும் சரிதான். மாலை, பொன்னாடை, 'சிறந்த அப்பா' பட்டம் எல்லாம் இருந்தால் அந்தக் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தட்டு கழுவவைத்தால் கோபம் கொஞ்சம் குறையும் என்று நம்புகிறேன். இது வெள்ளைக்காரன் பண்டிகை என்ற குறைக்கும் அதுவே பதில். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910 ஜூன் 19 அன்று முதன்முதலாக இந்த நாளைக் கொண்டாடவைத்த சொனோரா டாட், தாய் இறந்தபின் பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்த தன் தகப்பனை நினைத்துத்தான் அதைக் கேட்டார். 1972-இல் நிக்சன் கையெழுத்திட்டுச் சட்டமாக்குவதற்குள் வாழ்த்து அட்டைக்காரர்களும் டை விற்பவர்களும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நமக்குத் தேவை அந்தத் தகப்பன், அட்டை தேவையில்லை.

பணிச்சுமை பற்றிய புகாரை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. எடை எடுப்பது, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, வாக்காளர் பட்டியல் வேலை என்று அங்கன்வாடிப் பணியாளர்களின் தலையில் ஏற்கெனவே பாரம் அதிகம். அதற்காகத்தான் இதைப் புது விழாவாக்காமல், இருக்கிற ஏற்பாட்டில் பொருத்த வேண்டும் என்கிறேன். 2018 மார்ச் 8-இல் தொடங்கிய போஷன் அபியான் திட்டத்தின் சமுதாய நிகழ்வுகளில் கணவர்களுக்கு விளக்கம் தரும் நாள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 2025 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 16 வரை நடந்த ஊட்டச்சத்து மாதத்தில், குழந்தை வளர்ப்பில் ஆண்களை ஈடுபடுத்துவது ஒரு தனித் தலைப்பாகவே இருந்தது. சமுதாய வளைகாப்பைத் தட்டு வரிசையோடு நடத்தப் பழகிய துறைக்கு இது பெரிய காரியம் அல்ல. விடுமுறை நாளில் வரும் பணியாளருக்கு வேறொரு நாள் ஓய்வு தர வேண்டும். இது பேரம் பேசும் விஷயம் அல்ல. பாதுகாப்பும் அப்படித்தான். வருகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், குழந்தையைக் கழிப்பறைக்கு ஆயா மட்டுமே கூட்டிப் போக வேண்டும், மற்றவர் பிள்ளை தெரிகிற போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விழா நன்றாக நடந்ததா என்பதை வந்தவர் எண்ணிக்கையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் எத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். அதற்கு டீச்சர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். அம்மாக்களின் எண்கள் மட்டுமே இருந்தால், நாளைக் காலை வண்டியை நிறுத்தச் சொல்லி அப்பாவின் எண்ணையும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.